நாய்களும் மயக்கமருந்தும்

சத்திர சிகிச்சைக்காக மயக்கமருந்து கொடுக்கப்பெற்ற நாயொன்று விழித்தெழாமலே மாண்டது என்னுஞ் செய்தியை நம்மிற் பலர் கேட்டிருப்போம். நோயினால் மெலிந்த நாயாயின், ‘அதன் ஆயுள் அவ்வளவே’ என்று மனம் ஒருவாறு ஆறும். ஆனால், காலையில் வாலைக் குழைத்துக்கொண்டு தன் கால்களாலேயே வைத்தியசாலைக்குள் நடந்து சென்ற இளநாய், கருத்தடை செய்தல், பற்களைத் தூய்மை செய்தல், சிறு கட்டியொன்றை அறுத்தெடுத்தல் போன்ற சாதாரணமானதொரு சிகிச்சைக்குப்பின் உயிரற்ற உடலாய்த் திரும்புமாயின், அதனை வளர்த்தவருக்கு ஆறுதல் கூறுதல் அரிது. துயரத்தோடு ஐயமும் வந்து சேர்கின்றது. ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்பர் சிலர். ‘மருந்தை மிகுதியாய்க் கொடுத்துவிட்டனர்’ என்பர் வேறு சிலர். இவற்றைச் செவியுற்ற அயலாரோ, ‘நம் நாய்க்குச் சத்திர சிகிச்சையே வேண்டா’ என்று முடிவுகட்டிவிடுகின்றனர். இம்முடிவு தகுமா? மயக்கமருந்து நாயின் உடலில் யாது செய்கின்றது? ஒரு நாய்க்கு ஏற்ற மருந்து மற்றொன்றிற்கு ஏலாமற் போவது ஏன்? அபாயம் மிகுந்த வேளை எது? இவற்றை முறையே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மயக்கத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மயக்கம் வேறு, உறக்கம் வேறு. உறங்குகின்ற நாய் மெல்லிய காலடியோசை கேட்ட அளவிலே செவியை நிமிர்த்தும். மூச்சு முட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். குளிர்ந்தால் உடலைச் சுருட்டிக்கொள்ளும். மயக்கமருந்து ஏற்ற நாய் இவற்றுள் ஒன்றையுஞ் செய்யமாட்டாது. மருந்து மூளையை அமர்த்தி, நோவை உணரும் ஆற்றலைப் போக்குகின்றது. அவ்வளவில் நில்லாது, சுவாசத்தை நடத்தும் மூளைப் பகுதியையும் அமர்த்துகின்றது. இருதயத்தின் வலிமை குறைகின்றது. இரத்தக் குழாய்கள் தளர்வதால் இரத்த அழுத்தம் தாழ்கின்றது. உடலின் உஷ்ணத்தைக் காக்கும் ஏற்பாடு சோர்கின்றது. இரைப்பையினின்றும் மேலேறி வரும் நீர் மூச்சுக்குழாய்க்குட் புகாவண்ணந் தடுக்கும் விழுங்குஞ் செயலும் நின்றுவிடுகின்றது. நோவைமட்டும் நீக்கி, ஏனையவற்றைத் தொடாது விட்டுவிடும் முழுமயக்கமருந்து இன்றளவும் இல்லை. ஆதலின், உயிருள்ள உடல் ஓயாது தன்னைத்தான் காத்துக்கொள்ளும் காவற்பொறுப்பினைச் சில மணி நேரம் பிறரொருவர் ஏற்றே ஆகவேண்டும். வீட்டுக் காவற்காரனை உறங்கச் செய்தவர், தாமே விளக்கேந்தி வாயிலில் நிற்கவேண்டுமன்றோ? மயக்கமருந்தைப் பற்றிய கலை முழுதும் இவ்வொரு கடமையில் அடங்கும்.

இக்கடமையை மனிதன் எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை. கற்ற வரலாற்றில் நாய்க்குத் தொடக்கமுதலே இடமுண்டு. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில், வில்லியம் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஒரு நோயாளியை ஈதரின் ஆவியால் மயக்கி, நோவின்றிச் சத்திர சிகிச்சை நிகழ்வதைப் பலருங் காணச் செய்தார். அதற்குமுன் அவர் தம் நாயினிடத்தே ஈதரைச் சோதித்துப் பார்த்திருந்தார். மறு ஆண்டு நவம்பர் மாதத்தில், எடின்பரோ நகரத்து ஜேம்ஸ் யங் சிம்ப்ஸன் என்னும் வைத்தியர் குளோரோபாரத்தின் மயக்கும் ஆற்றலை உலகிற்கு அறிவித்தார். அதன் புகழ் பரவி மூன்று திங்களுஞ் செல்லுமுன், 1848 ஜனவரியில், வட இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை அகற்றுதற்பொருட்டுக் குளோரோபாரம் கொடுக்கப்பெற்றுச் சில நிமிஷங்களில் உயிர் நீத்தாள். சிகிச்சையோ மிகச் சிறியது, நோயாளியோ இளையவள். அன்று எழுந்த வினா அரை நூற்றாண்டிற்குமேல் வைத்திய உலகத்தைக் கலக்கியது: குளோரோபாரத்தால் இறப்பவருக்கு முதலில் நிற்பது மூச்சா, இருதயமா?

இஃது ஏட்டளவில் நின்ற வினாவன்று. மூச்சே முதலில் நிற்குமாயின், மயக்கமருந்து கொடுப்பவர் மார்பின் அசைவைக் கவனித்தாற் போதும். இருதயமே முதலில் நிற்குமாயின், நாடியினின்றும் விரலை எடுத்தலாகாது. விடை தேடிய முயற்சிகளுட் பெயர்பெற்றது நம் நாட்டு ஐதராபாத்தில் நிகழ்ந்தது. அங்கே ரெஸிடென்ஸி வைத்தியராகவும் வைத்தியப் பள்ளியின் தலைவராகவும் விளங்கிய எட்வர்டு லாரி என்பவர், மூச்சை நோக்குவதே போதுமென்னுங் கொள்கையினர். 1888-இல் அவருடைய முயற்சியால் நைஜாம் அரசர் ஏற்படுத்திய குழு, நூற்றுக்கு மேற்பட்ட தெருநாய்களுக்குக் குளோரோபாரம் கொடுத்து ஆராய்ந்து, மூச்சே முதலில் நிற்கின்றதென்று கூறியது. லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்ஸெட்’ என்னும் வைத்தியப் பத்திரிகை இம்முடிவை ஒப்பவில்லை. ஆகவே நைஜாம் பொருளுதவி செய்ய, அப்பத்திரிகையின் சார்பில் லாடர் பிரண்டன் என்னும் பேரறிஞர் 1889-இல் ஐதராபாத்திற்கு வந்தார். இரண்டாங் குழு நாய், குரங்கு, ஆடு, குதிரை முதலிய நூற்றுக்கணக்கான பிராணிகளிடத்துச் சோதனை நடத்தியது. இருதயத்திற்கும் அபாயமுண்டென்று எண்ணி வந்த பிரண்டனும் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். மயக்கமருந்து கொடுப்பவருக்குச் சுவாசம் ஒன்றே வழிகாட்டி என்று அக்குழு தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பு முழு உண்மையன்று. 1911-இல் ஆல்பிரெட் குட்மன் லெவி என்னும் ஆங்கில வைத்தியர், குளோரோபாரத்தால் சிறிதளவே மயங்கிய பூனைகளுக்கு அட்ரினலின் செலுத்தியபொழுது, இருதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிதலை விட்டு வெறுமனே துடித்து, மூச்சு நிற்குமுன்னரே உயிர் போவதைக் காட்டினார். அட்ரினலின் என்பது அச்சம், நோவு, போராட்டம் இவை நேரும்பொழுது உடல் தானே சுரந்துகொள்ளும் பொருள். ஆழ்ந்து மயங்கிய பிராணிக்கு மருந்தை மேன்மேலுங் கொடுத்தால் மூச்சு முதலில் நிற்றல் மெய்யே. ஆனால் அஞ்சி நடுங்கி அரைமயக்கத்திற் கிடக்கும் உயிருக்கு வரும் அபாயம் வேறு வழியாய் வருகின்றது. ஐதராபாத்திற் கண்டது பொய்யன்று. காணாது விட்டதே பிழையாயிற்று. குளோரோபாரம் வைத்தியசாலைகளை விட்டு நீங்கி நெடுங்காலமாயிற்று. எனினும் இவ்வரலாறு தரும் இரண்டு பாடங்கள் பழையனவாகவில்லை. மூச்சு, நாடி இவற்றுள் ஒன்றை நோக்கி மற்றொன்றை விடலாகாது என்பது ஒன்று. பிராணியை அச்சத்தோடும் போராட்டத்தோடும் மயங்கச் செய்தலாகாது என்பது மற்றொன்று. நாய்க்கு முதலில் அமைதி தரும் ஊசியைப் போட்டு, அது சாந்தமடைந்த பின்னரே மயக்கமருந்தைச் செலுத்தும் இக்கால வழக்கம் இவ்விரண்டாம் பாடத்திற்கு இயைந்ததாகும்.

இனி, அபாயத்தின் அளவை நோக்குவோம். அச்சத்தை அளவிட எண்ணைப்போன்ற கருவி வேறில்லை. பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. அதன்படி, நோயற்ற நாய்கள் 870-க்கு ஒன்று மயக்கமருந்தின் தொடர்பாக இறந்தது. 2002 முதல் 2004 வரை அந்நாட்டிலேயே 117 வைத்தியசாலைகளில் நடைபெற்று, 2008-இல் வெளியிடப்பட்ட மற்றொரு பேராராய்ச்சியில் 98,036 நாய்களைப்பற்றிய கணக்கு எடுக்கப்பட்டது. நோயுள்ளனவும் இல்லனவும் சேர்ந்து நோக்க, 601-க்கு ஒன்று இறந்தது. நோயற்ற நாய்களைத் தனியே பிரித்து நோக்கின் 1,849-க்கு ஒன்றே இறந்தது. நோயுற்றவற்றிலோ 75-க்கு ஒன்று இறந்தது. நோயற்ற நாய்க்குரிய அபாயம் இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்ததென்பதும், நாயின் உடல்நிலையே அபாயத்தை இருபது மடங்கிற்குமேல் ஏற்றவோ இறக்கவோ வல்லதென்பதும் இவ்வெண்களால் விளங்கும்.

அவ்வாராய்ச்சி வெளிப்படுத்திய மற்றொன்று நாம் பெரிதும் நினைவிற்கொள்ளத் தக்கது. இறந்த நாய்களுள் 100-க்கு 47 வீதம் சத்திர சிகிச்சை நிகழும்பொழுது இறக்கவில்லை. சிகிச்சை முடிந்து, மருந்தை நிறுத்திய பின்னரே இறந்தன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்திற்குள் இறந்தன. கத்தி ஓய்ந்ததும் ஆபத்து ஓய்ந்ததென்று எண்ணுவது எத்துணைத் தவறு! சிகிச்சை நிகழும்பொழுது நாயின் தொண்டையிற் குழாயிருந்து மூச்சுவழியைத் திறந்து வைக்கின்றது. பிராணவாயு தடையின்றிச் செல்கின்றது. ஒருவர் அருகிருந்து கவனிக்கின்றார். சிகிச்சை முடிந்ததும் குழாய் அகற்றப்படுகின்றது, பிராணவாயு நிறுத்தப்படுகின்றது, கவனித்தவர் அடுத்த வேலையை நாடிச் செல்கின்றார். மருந்தோ இன்னும் உடலை விட்டு நீங்கவில்லை. காவல் நீங்கியும் காவற்காரன் விழிக்காத அந்த இடைவேளையே இடர் புகும் வேளையாகும்.

அதே ஆராய்ச்சியிற் பூனைகளைப் பற்றிக் கண்டதொரு செய்தியும் ஈண்டுக் கருதற்பாலது. மயக்கத்தின்போது நாடி கவனிக்கப்பட்டு வந்த பூனைகளிலும், இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டுங் கருவி பொருத்தப்பட்ட பூனைகளிலும் இறப்புக் குறைந்திருந்தது. கவனிக்க வேண்டுவதில்லையென்று ஐதராபாத்தில் ஒதுக்கப்பட்ட நாடி, நூறாண்டிற்குப்பின் உயிர்காக்கும் குறியாய் மீண்டும் எண்களால் நிலைநாட்டப்பட்டது.

இனி, ஒரு நாய்க்கு ஏற்ற மருந்து மற்றொரு நாய்க்கு ஏலாமைக்குக் காரணங்களைக் காண்போம். மக்கள் இதனைப் பொதுவாக ‘ஒவ்வாமை’ என்கின்றனர். உண்மையான ஒவ்வாமை அரிதாகவே நிகழ்வது. பெரும்பாலும் நாயின் உடலமைப்பும் பிறவிக்கூறுமே காரணமாகின்றன. அவற்றை முன்னரே அறிந்துகொள்ளவும் இயலும்.

கிரேஹவுண்டு என்னும் ஓட்டநாயை முதற்கண் நோக்குவோம். தயோபென்டோன் என்னும் மருந்தை நாளத்திற் செலுத்தினால், அது நொடிப்பொழுதில் மூளையை அடைந்து மயக்குகின்றது. பின்னர்த் தசைகளிலும் கொழுப்பிலும் பரவுவதால் மூளையில் அதன் அளவு குறைந்து நாய் விழிக்கின்றது. உடலிற் பரவிய மருந்தைக் கல்லீரல் சிறிது சிறிதாய் மாற்றி வெளியேற்றுகின்றது. கிரேஹவுண்டின் மெலிந்த உடலிற் கொழுப்பு மிகக் குறைவு. அதன் கல்லீரலும் இம்மருந்தை மிக மெதுவாகவே மாற்றுகின்றது. ஆகவே பிற நாய்கள் எழுந்து நடக்கும் நேரத்திற்குப்பின்னும் பல மணி நேரம் அது தள்ளாடிக் கிடக்கும். மருந்தின் அளவிற் பிழையில்லாவிடினும் விளைவு இதுவே. அதனால் இவ்வினத்திற்குத் தயோபென்டோனை விலக்கி, புரோபோபால் போன்ற வேறு மருந்துகளைக் கொடுக்கின்றனர். கொழுப்புக் குறைந்த உடலையுடைய நாய் எவ்வினத்தைச் சார்ந்ததாயினும், நம் நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டைநாய்களாயினும், இவ்வெச்சரிக்கையை மேற்கொள்ளுதல் நலம்.

கோலி என்னும் மேய்ப்பு நாயின் குறை வேறு வகையானது. மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில், உள்ளே புகும் சில மருந்துகளைத் திரும்ப வெளியே தள்ளும் புரதம் ஒன்றுண்டு. வாயிற்காவலன்போல் நிற்கும் அப்புரதத்தை அமைக்கும் ஜீனிற் குறையுள்ள நாய்களின் மூளையில் அம்மருந்துகள் தடையின்றிப் புகுந்து தங்குகின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணப் பல்கலைக்கழகத்துக் கேத்ரினா மீலி என்னும் அம்மையாரும் அவருடைய தோழரும் 2001-இல் இக்குறையைக் கண்டறிந்து வெளியிட்டனர். உண்ணிக்கும் புழுவிற்குங் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்னும் மருந்து கோலி நாய்களுக்கு நஞ்சாவதேன் என்று தேடியதனாலேயே இது வெளிப்பட்டது. சத்திர சிகிச்சைக்குமுன் அமைதிக்காகக் கொடுக்கப்படும் அசிப்புரோமசீன், பியூட்டர்பனால் என்னும் மருந்துகளும் இக்குறையுள்ள நாய்களை அளவு கடந்து ஆழ்த்துகின்றன. ஆதலின் அளவைக் குறைத்தே கொடுத்தல் வேண்டும். பாக்ஸர் இனத்து நாய்கள் சிலவற்றில் அசிப்புரோமசீன் இரத்த அழுத்தத்தைத் திடீரெனத் தாழ்த்தி, மூர்ச்சித்து விழச்செய்வதும் வைத்தியர் அறிந்ததே.

பக், புல்டாக் முதலிய சப்பை முகமுடைய நாய்களுக்கு இடர் மருந்தினால் வருவதினும் மூச்சுவழியினால் வருவதே மிகுதி. மனிதர் அழகென்று கருதி முகத்தைக் குறுகச் செய்தனர். உள்ளிருக்கும் மெல்லண்ணமும் நாவும் அதற்கேற்பக் குறுகவில்லை. நாசித்துவாரங்களும் ஒடுங்கின. விழித்திருக்குங்கால் அந்நாய் தன் முயற்சியால் தொண்டைத் தசைகளை இறுக்கி வழியைத் திறந்துகொள்கின்றது. மயக்கத்தில் அத்தசைகள் தளர்ந்ததும் வழி அடைபடுகின்றது. ஆகவே இவற்றிற்கு மயக்குவதற்குமுன்னே பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்து, தொண்டையில் விரைந்து குழாயைச் செலுத்துகின்றனர். சிகிச்சை முடிந்தபின், நாய் தானே விழுங்கித் தலையை உயர்த்துமளவும் குழாயை எடாது, மார்பின்மேற் படுக்கவைத்துக் காத்திருக்கின்றனர். இவ்வினங்களுக்குக் குழாயை எடுக்கும் நேரமே உயிருக்குச் சோதனையான நேரம்.

அரிதாய் நிகழ்வதாயினும் அஞ்சத்தக்கது வேறொன்றுண்டு. ஐசோபுளூரேன் போன்ற ஆவிமருந்தைச் சுவாசித்ததும் சில நாய்களின் தசைகள் விறைத்து, வெளிமூச்சிற் கரியமிலவாயு பெருகி, உடலின் உஷ்ணம் கட்டுக்கடங்காது ஏறுகின்றது. இது பரம்பரையாய் வருங் குறை. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து வந்தாலும் போதும். உடனே ஆவிமருந்தை நிறுத்தி, உடலைக் குளிர்வித்து, டான்ட்ரோலீன் என்னும் மருந்தைக் கொடுத்தாலன்றிப் பிழைத்தல் அரிது.

உஷ்ணம் ஏறுவது அரிது. இறங்குவதோ அன்றாட நிகழ்ச்சி. நாயின் இயற்கை உஷ்ணம் பாரன்ஹீட் அளவில் ஏறக்குறைய 101 முதல் 102.5 பாகை. மயிரை மழித்து, தோலைச் சாராயங் கலந்த மருந்தாற் கழுவி, வயிற்றைத் திறந்து, உலோக மேசையிற் கிடத்தினால் அவ்வுஷ்ணம் விரைவிற் குறைகின்றது. சிறிய நாயாயின் இன்னும் விரைவாகக் குறையும். உடல் குளிர்ந்தால் கல்லீரல் மருந்தை மாற்றும் வேலையுங் குறைகின்றது; நாய் விழிக்கத் தாமதமாகின்றது; தாமதம் மேலும் குளிர்ச்சிக்கு இடந்தருகின்றது. கம்பளியாலும் வெந்நீர்ப் பைகளாலும் உஷ்ணத்தைக் காக்கலாம். ஆனால் மயங்கிய நாய் சூட்டினின்றும் விலகமாட்டாதாகையால், பையைத் துணியிற் சுற்றாது வைத்தால் தோல் வெந்துவிடும். 5 கிலோவிற்குக் குறைந்த எடையுள்ள நாய்களுக்கு அபாயம் மிகுதியென்று மேற்கூறிய பிரிட்டிஷ் ஆராய்ச்சியுங் காட்டிற்று. அத்தகைய நாயின் எடையைக் கண்ணாற் குறித்து மருந்தளத்தல் ஆகாது; தராசிலிட்டே அறியவேண்டும்.

நம் நாட்டில் நாய்களுக்குச் சத்திர சிகிச்சை செய்யுமிடங்களிற் சைலசீன், கெட்டமின் என்னும் இரு மருந்துகளையுஞ் சேர்த்து ஊசியாற் கொடுத்தல் பெருவழக்கு. விலை குறைவு, பெரிய கருவிகளும் வேண்டுவதில்லை. ஆயினும் சைலசீன் இருதயத்தின் துடிப்பை மிகவும் மெதுவாக்கும். பல நாய்களுக்கு வாந்தியையும் உண்டாக்கும். 1990-இல் வெளியான ஆராய்ச்சியில் அபாயத்தை மிகுவித்த மருந்துகளுள் அதுவும் ஒன்றாகக் காணப்பட்டது. நல்லவேளையாக அதன் செயலைத் திருப்புதற்கு யோஹிம்பின், அட்டிபமஸோல் என்னும் மாற்று மருந்துகள் உள்ளன. கெட்டமின் ஏற்ற நாய் கண்ணைத் திறந்தபடியே மயங்கிக் கிடக்கும். அதுகண்டு, நோவை உணர்கின்றதென்று அஞ்சவேண்டா. கண் உலராதிருக்க அதிற் களிம்பிடுவர்.

மயக்கந் தெளியுங்காலத்துத் தோன்றும் குறிகளுள் அஞ்சத்தக்கன எவை, அஞ்ச வேண்டாதன எவை என்று பிரித்தறிதல் நாய் வளர்ப்பவருக்கு இன்றியமையாதது. நாய் காரணமின்றி ஊளையிடலாம். கால்களை நீந்துவதுபோல் அசைக்கலாம். பழகியவரையும் அறியாது விழிக்கலாம். மூளை பகுதி பகுதியாக விழிப்பதே இதற்குக் காரணம். அமைதியான, வெளிச்சங் குறைந்த இடத்தில் மெல்லத் தடவிக்கொடுத்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கும். நெடுநேரம் அடங்காவிடின் நோவு காரணமாயிருக்கலாமாதலின் வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். தொண்டையிற் குழாயிருந்தமையால் ஓரிரு நாள் சிறிது இருமலும் உண்டாகலாம். அன்றிரவு உணவில் விருப்பமின்மையும் இயல்பே. ஆனால், ஈறுகள் வெளுத்தோ நீலம்பாய்ந்தோ காணப்படுதல், மூச்சுத் திணறல், அல்லது மூச்சு மிக அருகி வருதல், எழுந்த நாய் மீண்டும் நினைவிழந்து சாய்தல், உடல் சில்லிட்டிருத்தல், ஓயாத வாந்தி, காயத்தினின்றும் இரத்தம் வடிதல் இவற்றுள் ஒன்று தோன்றினும் விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. நாயின் உதட்டை உயர்த்தி ஈற்றின் நிறத்தை நோக்க எவருங் கற்றுக்கொள்ளலாம். நல்ல இளஞ்சிவப்பே நலத்தின் அறிகுறி.

சிகிச்சைக்கு முன்னும் வளர்ப்பவருக்குக் கடமைகள் உள. வைத்தியர் உணவு கொடுக்கலாகாது என்று விதித்த நேரத்தை மீறி, ‘பசியோடு செல்கின்றதே’ என்றிரங்கி ஒரு பிடி சோறும் பாலும் ஊட்டுவோர் பலர். அவ்விரக்கம் நாய்க்குப் பகையாய் முடியும். மயக்கத்தில் அவ்வுணவு தொண்டைக்கு ஏறி நுரையீரலிற் புகுமாயின், மூச்சடைப்போ நுரையீரல் அழற்சியோ உண்டாகின்றது. எனினும் சிறு குட்டிகளை நெடுநேரம் பட்டினியிடுதலுந் தீது. அவற்றின் இரத்தத்திற் சர்க்கரை விரைவிற் குறைந்துவிடும். ஆகவே எத்தனை மணி நேரம் என்பதை வைத்தியரிடங் கேட்டே நடக்கவேண்டும். இதற்குமுன் மயக்கமருந்து பெற்றபொழுது நேர்ந்தது, நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகள், ஓடினால் இளைத்தல், இருமல், மூர்ச்சை, அடிபட்டால் இரத்தம் நில்லாமை இவற்றை ஒளியாது கூறவேண்டும். உடன்பிறந்த குட்டிக்கோ தாய்க்கோ மயக்கத்தில் இடர் நேர்ந்ததாயின் அதனையும் கூறவேண்டும். இவை வைத்தியரின் கருவி காட்டாத உண்மைகள்.

இவ்வளவும் கேட்டபின், ‘இத்துணை இடருள்ளதாயின், சிகிச்சையை விலக்குதலே நன்று’ எனச் சிலர் கருதலாம். அவர்கள் மேலே குறித்த இரண்டு எண்களை மீண்டும் நோக்குவாராக. கருத்தடை செய்யப்பெறாத பெண்நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையிற் சீழ் கட்டும் நோய் வருதலுண்டு. சுவீடன் தேசத்துக் கணக்கின்படி, அத்தகைய பெண்நாய்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கு 10 வயதிற்குள் அந்நோய்க்கு ஆளாகின்றது. அது வந்தபின் உயிர்காக்கும் வழி பெரும்பாலும் கருப்பையை அகற்றுதலே. அப்பொழுதும் அதே மயக்கமருந்து வேண்டும்; ஆனால் நாயோ முதிர்ந்தது, காய்ச்சலுற்றது, குருதியில் நஞ்சேறியது. நோயற்ற இளமையில் 1,849-க்கு ஒன்றாயிருந்த அபாயத்தை அஞ்சித் தள்ளிவைத்தவர், 75-க்கு ஒன்றாகிய அபாயத்தின் முன் தம் நாயைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார். அச்சத்தினால் விலக்கிய இடர் பெருகித் திரும்புவது இவ்வாறே.

ஆகவே அஞ்சுவது தவறன்று. அவ்வச்சத்தைச் செலுத்தும் வழியே முக்கியம். சிகிச்சையை விலக்குவதற்கன்றி, அதற்கு முன்னும் பின்னும் விழிப்பாயிருப்பதற்கு அது துணைசெய்யவேண்டும். வைத்தியரை நாடுவோர் சில வினாக்களைப் பணிவோடு கேட்கத் தயங்கவேண்டா. நாயை முன்னதாகச் சோதித்து எடை பார்ப்பார்களா? அறுக்கின்றவர் வேறு, மயக்கத்தைக் கவனிக்கின்றவர் வேறாக இருப்பார்களா? நாடி, மூச்சு, உஷ்ணம் மூன்றும் குறிக்கப்படுமா? பிராணவாயுவும் மாற்று மருந்தும் ஆயத்தமாயிருக்குமா? சிகிச்சை முடிந்து முதல் மூன்று மணி நேரம் நாயின் அருகே இருப்பவர் யார்? நல்ல வைத்தியர் இவ்வினாக்களுக்கு வெகுளார். கேட்டவரைத் தம் பணிக்குத் துணைவராகவே கருதுவார். கடைசி வினாவிற்கு ‘ஒருவருமில்லை’ என்பது விடையாயின், அவ்விடத்தை வளர்ப்பவர் தாமே இசைவு பெற்று நிரப்பலாம். நாயின் அருகமர்ந்து, மார்பின் அசைவை எண்ணி, ஈற்றின் நிறத்தை நோக்கி, மாறுதல் காணின் உரக்க அழைப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. நம் வாயிலில் இரவெல்லாம் விழித்திருந்த பிராணிக்காக நாம் விழித்திருக்கவேண்டிய நேரம் மூன்று மணியே.